வேலிக்கு வெளியே முனியாண்டி: பேராக் தோட்டக் கோயில்களில் சாதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெறியாளர் என்னிடம் கொடுத்த கேள்வி இதுதான்: "சாதியைப் படைத்தது இந்து மதமா, மனிதனா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒரு சாரார் ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தையும் மனு தர்ம சாஸ்திரத்தையும் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். மறு சாரார், "நந்தனாரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிற மதம் எப்படி ஐயா சாதி மதமாகும்?" என்று கேட்பார்கள். அந்த நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது என்று பெரிய புராணமே சொல்வதை அவர்கள் விட்டுவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் கைதட்டல் கிடைக்கும். நேரமும் முடிந்துவிடும்.

நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஏடுகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நேயர்களில் பலர் பிறந்து வளர்ந்த இடத்துக்கே உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன். பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம். அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சாதி என்பது நிலத்தோடும் கிணற்றோடும் கூலி நெல்லோடும் பின்னிக் கிடந்தது. அதில் எது மதம், எது நிலவுடைமை என்று பிரித்துக் காட்டுவது கடினம். தோட்டத்தில் அப்படி இல்லை. நிலம் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. கூலியை எழுதுபவர் கிராணியார். பண்ணையாரும் கிடையாது, பரம்பரைக் காணியும் கிடையாது. இத்தனையும் போன பிறகும் சாதி எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கப்பலில் வந்தது

கோலகங்சாரில் 1877-ல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் தப்பிய ஒரு முதிய மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதற்குப் பிறகு ரப்பர் பரவ ஆண்டுகள் பிடித்தன. முதலில் நம்மவர்கள் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணி முறையே முதன்மையானது. 1938-ல் இந்திய அரசு, பயணச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை லட்சக்கணக்கானோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார்கள். ஜெரேஜா தீவில் தொற்றுத் தடுப்பு முகாமில் கிடந்துவிட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

இப்படி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதி திராவிடர்கள் என்று கெர்னியல் சிங் சந்து தம் ஆய்வில் குறிப்பிடுகிறார். கங்காணி ஆள் சேர்த்த விதத்தைக் கவனியுங்கள். அவர் தம் ஊருக்குத்தான் போனார். தம் உறவில், தம் ஊர்த் தெருக்களில், தம் ஊர்ச் சேரியில் ஆள் எடுத்தார். ஆகவே தனித் தனி மனிதர்கள் வந்து இறங்கவில்லை. ஊரின் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து வந்தது. தோட்ட நிர்வாகமும் அதற்கு ஏற்றபடி லயங்களைப் பிரித்துக் கொடுத்தது. ஆதி திராவிடருக்குத் தனி லயம், பெரும்பாலும் ஒதுக்குப்புறமாக. துரை மனுஸ்மிருதி படித்தவரல்லர். சண்டை இல்லாமல் பால் வெட்டு நடந்தால் அவருக்குப் போதும். மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வைப் பற்றி 1984-ல் நூல் எழுதிய இராஜகிருஷ்ணன் இராமசாமி இந்தப் பிரிவினைகளை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்.

நான் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். விடியற்காலை பெரட்டுக்கு எல்லாரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். நிரை பிரித்துக் கொடுக்கும்போது தண்டல் சாதி பார்ப்பதில்லை. ஒரே தராசில்தான் பால் நிறுக்கப்படும். ஒரே ஆயாக் கொட்டகையில்தான் எல்லாப் பிள்ளைகளும் தொட்டிலில் கிடந்தோம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்த அந்த ஓரறைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பகல் முழுவதும் சாதிக்கு வேலை இல்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். என் அப்பாயி, கீழ் லயத்துப் பெண்களோடு காலையெல்லாம் கதை பேசிக்கொண்டே புல் வெட்டுவார். மாலையில் அதே பெண் வாசலுக்கு வந்தால் தேநீரைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார். அவர் கெட்ட மனுஷி இல்லை. அதைத் தவறு என்றே அவர் நினைக்கவில்லை.

எங்கள் சாதிப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் உரையை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவீர்கள். கோயிலில் மரியாதை பெற்ற பக்கம் நாங்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

துரைக்குப் பரிவட்டம்

கோயிலுக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மேல் லயத்தை ஒட்டி, கங்காணி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழ் லயத்தின் கடைசியில், ஆற்றோரம் ஒரு பெரிய மரத்தடியில் முனியாண்டி. அவருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் காளியம்மன். ஆடித் திருவிழாவில் அம்மன் தேர் மேல் லயங்களைச் சுற்றி வரும். கீழ் லயத்துக்குத் திரும்பும் முச்சந்தி வந்ததும் நின்று, தீபாராதனை காட்டித் திரும்பிவிடும். தேருக்கு முன்னால் தப்பு அடித்து வருபவர்கள் கீழ் லயத்துக்காரர்கள். அவர்கள் அடி இல்லாமல் அம்மனுக்குச் சாமி வராது. ஆனால் கோயில் வேலிக்கு உள்ளே அவர்கள் கால் வைக்க முடியாது. பிரசாதம் வேலிக்கு மேலாக வாழையிலையில் நீட்டப்படும். அதுவும் கடைசியில்.

இதே திருவிழாவுக்குத் துரை வருவார். அவர் மனைவியும் வருவார். காலணியைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து அம்மன் எதிரில் நிற்பார். பூசாரி முதல் மாலையைத் துரைக்குத்தான் போடுவார். முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டப்படும். இரண்டாவது கங்காணிக்கு. மூன்றாவது என் தாத்தாவுக்கு.

சாஸ்திரப்படி பார்த்தால் துரை மிலேச்சன். மாட்டிறைச்சி உண்பவர். அம்மனை அவர் நம்பவும் இல்லை. அவருக்கு முதல் மரியாதை கொடுத்த கோயில், அந்த அம்மனுக்கு நேர்ந்து தீமிதித்த மனிதரை வேலிக்கு வெளியே நிறுத்தியது. ஆக, தீட்டு என்று சொல்லப்பட்டது உண்மையில் தீட்டே இல்லை. தீட்டாக இருந்திருந்தால் துரைக்கும் ஒட்டியிருக்க வேண்டும். அது அதிகார வரிசை. அந்த வரிசையை எழுதி வைக்கத் தோட்டத்தில் வேறு ஏடு இருக்கவில்லை. நிலமும் கூலியும் துரையிடம் போய்விட்டன. நம்மவர்கள் தங்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்று காட்டிக்கொள்ள மிச்சமிருந்த இடம் சந்நிதி ஒன்றுதான். அதனால்தான் சாதி அங்கே அத்தனை பலமாகக் குடியேறியது.

"அப்படியானால் மதத்தின் மேல் குற்றமில்லையே" என்று சிலர் மகிழ வேண்டாம். சாதிக்கு அத்தனை வசதியான இடத்தைக் கொடுத்தது மதம்தான். யார் எங்கே நிற்பது, யார் தொடுவது, யாருக்கு முதல் திருநீறு என்று பிரிக்கும் பழக்கம் வழிபாட்டுக்குள்ளேயே இருந்ததால்தான் கங்காணிக்கு வேலை சுலபமாயிற்று.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பாரும் உண்டு. அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தை நினைவூட்டுகிறேன். அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்தையே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டி, நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. சாதி எந்தக் கோயிலிலும் வாடகைக்கு இருக்கும். நம் கோயிலில் அதற்குச் சொந்த வீடு இருந்தது என்பதுதான் வேறுபாடு.

கதவைத் திறந்தவர்கள்

1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். அவரை வரவிடக் கூடாது என்று எதிர்த்தவர்களும் நம்மவர்கள்தான். அவர் விதைத்த பேச்சைப் பிறகு கோ. சாரங்கபாணியும் 1935-ல் அவர் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்கள் வரை கொண்டு போயின. கள்ளுக்கடைத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம்.

அதே காலத்தில் தாயகத்திலும் கதவுகள் அசைந்தன. 1936-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் ஆதி திராவிடரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். 1936-ல்தான் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை, அமைப்பாளர்கள் அஞ்சியதால் பேசப்படாமலே போய், அவர் சொந்தச் செலவில் அச்சானது. சாதியை ஒழிக்க வேண்டுமானால் அதற்குப் புனிதம் தரும் சாஸ்திரங்களின் அதிகாரத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர் வாதம். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுத்தார். சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். இன்று இந்த மேடையில் நாம் நடத்துவது அந்த விவாதத்தின் மிச்சம். நமக்காவது ஒலிவாங்கி கிடைத்தது.

இங்கே இன்னொரு சம்பவம். 1943 அக்டோபரில் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலார் விஜயதசமிக்கு நேதாஜியை அழைத்தார்கள். பிற சாதியாரையும் பிற மதத்தாரையும் அனுமதிக்காத கோயிலுக்கு வரமாட்டேன் என்றார் அவர். கோயிலார் இணங்கினார்கள். ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளையும் அழைத்துக்கொண்டுதான் உள்ளே போனார். பல தலைமுறை வழக்கம் ஒரே நாளில் விலகியது. ஆகமம் அன்று மாறவில்லை. அழைத்தவர்களுக்கு அவர் வருகை அத்தனை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மலேசியாவில் ஆலயப் பிரவேசச் சட்டம் என்று ஒன்று வந்ததே கிடையாது. இந்திய அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையைப் பெயர் சொல்லி ஒழித்தது. யாழ்ப்பாணத்தில் 1957-ல் சட்டம் வந்தும், 1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் போராட வேண்டியிருந்தது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-வது பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று பேசும். சாதி என்ற சொல் அதில் இல்லை. 11-வது பிரிவு அந்தந்த மதக் குழு தன் விவகாரத்தைத் தானே நிர்வகிக்கலாம் என்கிறது. ஆகவே நம் கோயில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொரு தோட்டத்திலும் வாய்ச்சண்டையும் சமாதானமுமாகத்தான் திறந்தன.

எங்கள் தோட்டத்தில் அது நடந்தபோது எனக்கு எட்டு வயது. ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கீழ் லயத்தார் தப்பு அடிக்க மாட்டோம் என்றார்கள். "உள்ளே விட்டால் அடிக்கிறோம். இல்லையென்றால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்." மேல் லயத்தில் யாருக்கும் தப்பு பிடிக்கத் தெரியாது. பிடித்தால் கௌரவம் போய்விடும். தேர் கொட்டு இல்லாமல் கிளம்பியது. பத்தடி போனதும் நின்றுவிட்டது. சாமியாடுபவருக்குச் சாமி வரவில்லை. கடைசியில் தோட்டத் தொழிற்சங்கக்காரர் வந்து பேசினார். "பெரட்டில் ஒன்றாக நிற்கிறீர்கள், சந்தா ஒன்றாகக் கட்டுகிறீர்கள்" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். இரவு பத்து மணிக்கு வேலிக் கதவு திறந்தது. என் அப்பாயி அன்றிரவு சாப்பிடவில்லை. தாத்தா மட்டும், "துரையை விட்டோமே, இவர்களை விட்டால் என்ன" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஆகமம் என்ற பெயரில்

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அறுபதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு செம்பனை வந்தது. தொண்ணூறுகளில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்து மக்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினார்கள். நம் தோட்டக் கோயில்களும் ஒவ்வொன்றாக இடம் பெயர வேண்டியதாயிற்று. பல கோயில்கள் உடைபட்டன. 2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இடிக்கும் இயந்திரம் இது எந்தச் சாதியார் கோயில் என்று கேட்பதில்லை.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது 1999-ல் மூன்று கோயில்களுக்கும் சேர்த்து ஒரே மனை கொடுத்தார்கள். மாரியம்மன், காளியம்மன், முனியாண்டி. மனு எழுதும்போது "தோட்ட மக்கள் அனைவரின் வழிபாட்டுக்காக" என்று எழுதினோம். எழுதியவன் நான். நிர்வாகக் குழுவின் செயலாளர் அப்போது நான்தான்.

இடம் கைக்கு வந்ததும் கோபுரம் வைத்து ஆகம முறைப்படி கட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஊரிலிருந்து ஸ்தபதி வந்தார். குருக்களும் வந்தார். ஆடு கோழி பலி ஏற்கிற தெய்வத்துக்குக் கோபுரத்துக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். கீழ் லயத்துக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், அப்போது ஈப்போவில் சொந்த லோரி வைத்திருந்தவர், எழுந்து கேட்டார்:

"அண்ணே, நெலம் வாங்கறப்ப மூணு சாமின்னு எழுதினீங்க. இப்ப எங்க சாமிக்கு மட்டும் வெளியேன்னா எப்படி?"

"தம்பி, இதுல சாதியே இல்லப்பா. ஆகமம் அப்படி" என்றார் தலைவர்.

அவர் மனதாரத்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். முனியாண்டிக்கு வேலிக்கு வெளியே, கால்வாய் ஓரமாக ஒரு சிறு மண்டபம் கட்டினோம். பெயரை முனீஸ்வரர் என்று மாற்றினோம். சுருட்டும் சாராயமும் நிறுத்தப்பட்டன. பலியை நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த முனியாண்டிக்கும் காளிக்கும் மணி ஆட்டிய பூசாரித் தாத்தாவை என்ன செய்தோம்? மந்திரம் தெரியாதவர் என்றோம். உண்டியல் பக்கம் உட்காரச் சொன்னோம். இரண்டு வெள்ளிக்கிழமை வந்தார். மூன்றாவது வெள்ளி வரவில்லை. காளியம்மன் கோபுரத்துக்குள் துர்க்கையாக நிற்கிறாள். அவளை இத்தனை நாள் தொட்டுக் குளிப்பாட்டியவர் உள்ளே வரலாம், கும்பிடலாம். தொட முடியாது. அந்தக் கூட்டக் குறிப்பில் என் கையெழுத்து இருக்கிறது.

தாயகத்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1970-ல் தமிழ்நாடு சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கியது. 1972 தீர்ப்பு அதை ஏற்றாலும், ஆகமம் யாரைத் தொடச் சொல்கிறதோ அவரே தொட வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு வழி விட்டது. 2006-ல் எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று மீண்டும் ஆணை. வழக்குகளைக் கடந்து 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் கோயில்களில் நியமனம் பெற்றார்கள். வாசலைத் திறப்பதற்கும் கருவறையைத் திறப்பதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சாதி நீடிப்பது இடஒதுக்கீட்டால்தான் என்று நம் நாட்டில் சிலர் பேசுகிறார்கள். நம் பிறப்புப் பத்திரத்தில் சாதி கிடையாது. 1982 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சட்டத்தின் பதிவுப் படிவத்திலும் சாதி கிடையாது. ஆதி திராவிடருக்கென்று இங்கே ஒரு சலுகையும் ஒரு நாளும் இருந்ததில்லை. பிறகு எப்படிப் பெண் பார்க்கும்போது, "அவங்க எந்த ஊரு, எந்தத் தோட்டம், எந்த லயம்?" என்ற கேள்வி வருகிறது? என் தங்கை மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் ஜாதகம் பொருந்தவில்லை என்று நின்றது. அந்தப் பையனின் ஜாதகத்தை யாரும் ஜோதிடரிடம் காட்டவே இல்லை. பையன் அந்த லோரிக்காரரின் மகன்.

கும்பாபிஷேகம் 2003-ல் நடந்தது. 2015-ல் மறுபடியும் நடந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்தது 2027-ல் வர வேண்டும். திருப்பணிக்கான வரைபடம் போன மாதம் வந்திருக்கிறது. கோபுரம் உயர்கிறது, மண்டபம் விரிகிறது, கார் நிறுத்த இடம் உண்டு. முனீஸ்வரர் மண்டபம் பழைய இடத்திலேயே, கால்வாய் ஓரமாகவே இருக்கிறது. பூசாரித் தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய பேரன் தமிழ்நாட்டில் அர்ச்சகர் பயிற்சி முடித்துத் திரும்பி, எங்கள் கோயிலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். செயலாளர் அதை இன்னும் கூட்டத்தில் படிக்கவில்லை. அடுத்த மாதம் பொதுக்கூட்டம். நான் இப்போது சாதாரண உறுப்பினன்தான். அந்த விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும் என்றும், 1999 மனுவில் எழுதிய வாசகத்தைக் கூட்டத்தில் வாசிக்க எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.